நாற்பது என்னும் எண்



மனிதனின் துன்பத்தை எண்ணால் அளந்துவிட முடியாது. ஒரு தாயின் கண்ணீர் எத்தனை படி என்று யாரும் முகந்து பார்த்ததில்லை. ஆயினும் அரசு ஒருவனுக்கு உதவிபுரிய வேண்டுமெனில் ஏதேனும் ஓர் அளவுகோல் தேவைப்படத்தான் செய்கிறது. ஆகவே உடற்குறையையும் உள்ளத்தின் குறையையும் மருத்துவர் ஆராய்ந்து, 'இத்தனை விழுக்காடு' என்று சான்றிதழில் எழுதுகிறார். நம் மக்கள் அதனைப் 'பர்சன்டேஜ்' என்கிறார்கள். அந்த எண் 40 ஆக இருந்தால் ஒரு வாசல் திறக்கிறது. 39 ஆக இருந்தால் அதே வாசல் மூடிக்கொள்கிறது. 39-க்கும் 40-க்கும் இடையே உள்ள அந்த ஒன்று, ஓர் ஏழைக் குடும்பத்தின் பல ஆண்டு வாழ்வைத் தீர்மானித்துவிடுகிறது.

அந்த எண் தவறாக எழுதப்பட்டுவிட்டால் என்ன செய்வது? 'உதவித்தொகை கிடையாது' என்று தள்ளப்பட்ட மனு நியாயமாகத் தள்ளப்படவில்லை என்று நம் மனம் சொன்னால் எங்கே போவது? இத்திங்கள் இதனைப் பற்றியே உங்களோடு உரையாட விரும்புகிறேன். பொள்ளாச்சி முதல் மேட்டுப்பாளையம் வரையிலும், பல்லடம், சோமனூர்த் தறிக்கூடங்களிலும், திருப்பூர்ப் பின்னலாடைச் சாலைகளிலும் உழைத்து வாழும் நம் குடும்பங்களில் இக்கேள்வி எழாத தெரு இல்லை எனலாம்.

எம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் சில ஆண்டுகளுக்கு முன் தம் மகனின் சான்றிதழோடு என்னிடம் வந்தார். மகனுக்கு வயது 19. சிறுவயதுக் காய்ச்சலில் ஒரு கால் சூம்பிவிட்டது. காதும் சரியாகக் கேட்பதில்லை. அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்தான். சான்றிதழில் 30 விழுக்காடு என்று எழுதப்பட்டிருந்தது. காலை மட்டுமே சோதித்தார்கள். காதைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. "மறுபடியும் கேட்கலாமே, அம்மா" என்றேன். அதற்கு அவர், "பெரிய டாக்டர் எழுதிட்டாருங்க சாமி. அதுக்கு மேல நாம என்னங்க சொல்றது? கோபப்பட்டு இருக்கிறதையும் பிடுங்கிட்டாங்கன்னா?" என்றார்.

இந்த அச்சம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. மேலிடத்தில் இருப்பவர் எழுதியதை எதிர்த்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பொறுமையே கிறிஸ்தவப் பண்பு, கேள்வி கேட்பது செருக்கு என்றுகூடச் சிலர் கருதுகின்றனர். நம் திருமறை அவ்வாறு கற்பிக்கவில்லை. ஆண்மகவின்றி இறந்த ஒருவரின் ஐந்து புதல்வியர் மோசேயின் முன்னும் மக்கள் தலைவர்கள் முன்னும் நின்று, தங்கள் தந்தையின் பங்கு தங்களுக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும் என்று கேட்டனர். அவர்கள் கேட்டது சரியே என்று இறைவன் தீர்ப்பளித்தார். அவர்கள் பொருட்டுச் சட்டமே திருத்தம் பெற்றதாக எண்ணிக்கை ஆகமம் கூறுகிறது. புனித சின்னப்பர் தமக்கு நீதி கிட்டாது என்று கண்டபோது செசாரிடம் மேல்முறையீடு செய்தார். நேர்மையற்ற நடுவனிடம் ஓயாது முறையிட்ட கைம்பெண்ணை நம் ஆண்டவரே எடுத்துக்காட்டாகக் காட்டினார். எனவே முறைப்படி மேல்முறையீடு செய்வது குற்றமன்று, கலகமுமன்று. நீதி வழங்குவோர்க்கு இன்னொரு முறை ஆராய்ந்து பார்க்க வாய்ப்பளிப்பதே அது.

இனி, சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றுக்கொண்டது. அதன் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொள்கிறது. இது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 58-ஆம் பிரிவு சான்றிதழ் வழங்கும் முறையைக் கூறுகிறது. குறைபாடு இல்லை என்று முடிவு செய்தால் அதனை எழுத்து மூலம் மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். 59-ஆம் பிரிவோ, சான்றளித்தவரின் முடிவால் மனக்குறை உற்ற எவரும், மாநில அரசு அமர்த்தியுள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம் என்கிறது. 'எவரும்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். படித்தவர், செல்வாக்குள்ளவர், வழக்கறிஞர் வைத்துக்கொண்டவர் என்ற வேறுபாடு அங்கே இல்லை.

முறையீட்டுக்குக் காலவரம்பு உண்டு. ஆதலால் சான்றிதழ் கைக்கு வந்த வாரத்திலேயே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குச் சென்று, 'மேல்முறையீட்டு அதிகாரி யார்? எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும்?' என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டே உரிமையை இழந்தவர்கள் பலர்.

முறையீடு எழுதுமுன் எதனை எதிர்க்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நம் மக்கள் இரண்டு தனித்தனி முடிவுகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று மருத்துவரின் முடிவு: எந்தக் குறை, எத்தனை விழுக்காடு என்பது. மற்றொன்று அலுவலகத்தின் முடிவு: இவருக்கு உதவித்தொகை உண்டா, இல்லையா என்பது. விழுக்காடு சரியாக இருந்தும், வருவாய், சொத்து, ஆதரவு பற்றிய கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையால் மனு தள்ளப்பட்டிருக்கலாம். அப்போது மருத்துவமனைக்கு ஓடிப் பயனில்லை. வருவாய்த் துறையின் மேலதிகாரியான கோட்டாட்சியரிடமே முறையிட வேண்டும். விழுக்காடே தவறாயின், வட்டாட்சியரோடு வாதிட்டுப் பயனில்லை. அவர் சான்றிதழைத் திருத்த முடியாது.

ஒவ்வோர் உதவிக்கும் வாசற்படியின் உயரம் வேறு என்பதையும் அறிந்திருத்தல் நன்று. அரசு வேலையில் 4 விழுக்காடு, அரசு உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காடு என்னும் ஒதுக்கீடுகளுக்கு 40 விழுக்காடு குறைபாடு போதும். கடும் பாதிப்புற்றோர்க்கு மாநில அரசு மாதந்தோறும் வழங்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 கேட்கப்படுகிறது. மனவளர்ச்சி குன்றியோர்க்கு அதே தொகை 40-லேயே கிட்டும். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 வேண்டும். எந்தப் படியில் நம் கால் இடறியது என்று அறியாமல் முறையிடுவது, முகவரி எழுதாமல் அஞ்சல் போடுவது போன்றதாகும்.

மேலே நான் குறிப்பிட்ட இளைஞனுக்குத் திரும்புவோம். ஒருவருக்கு இரண்டு குறைகள் இருந்தால் அவற்றைச் சேர்த்துக் கணக்கிட ஒரு முறை உண்டு. மத்திய அரசு 2018 ஜனவரி 4-இல் வெளியிட்ட நெறிமுறையில் அது தரப்பட்டிருந்தது. இரண்டையும் வெறுமனே கூட்டுவதில்லை. பெரிய எண்ணை 90-லிருந்து கழிக்க வேண்டும். வருவதைச் சிறிய எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பதைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். இந்த இளைஞனுக்குக் காலில் 30. முறையீட்டின் பேரில் காதைச் சோதித்தபோது 18 என்று வந்தது. 90-இல் 30 போக 60. அதனை 18-ஆல் பெருக்கினால் 1,080. 90-ஆல் வகுத்தால் 12. ஆகவே 30-உடன் 12 சேர்ந்து 42 ஆயிற்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் 40-க்குக் கீழே; சேர்த்துப் பார்த்தால் 40-க்கு மேலே. மருத்துவர் எவரும் அவனுக்குத் தீங்கு நினைக்கவில்லை. எலும்பு மருத்துவர் எலும்பைப் பார்த்தார். காதைப் பார்க்கச் சொல்ல ஆளில்லை. அநீதிகள் பலவும் இவ்வாறே, தீய எண்ணத்தாலன்றி, முழுமையாகப் பாராமையால் நேர்கின்றன. அந்த 42 அவனுக்கு மாத ஓய்வூதியத்தைக் கொணரவில்லை. ஆனால் தேர்வில் ஒதுக்கீட்டுப் பிரிவில் அமரும் உரிமையைக் கொணர்ந்தது. அவனுக்கு வேண்டியிருந்ததும் அதுவே.

சிலம்பின் கதை நம் எல்லாருக்கும் தெரியும். ஆராயாது வழங்கிய தீர்ப்பினால் கணவனை இழந்த கண்ணகி, பாண்டியன் அவைக்கு அழுதுகொண்டு மட்டும் செல்லவில்லை. கையில் ஒற்றைச் சிலம்பை ஏந்திச் சென்றாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டினாள். மன்னன் தலைகுனிந்தது அந்தச் சான்றின் முன்னால். நாமும் முறையீட்டுக்குச் செல்லும்போது கண்ணீரோடு சிலம்பையும் கொண்டு செல்ல வேண்டும்.

நம் சிலம்பு எது? பழைய மருத்துவச் சீட்டுகள், அறுவைச் சிகிச்சைக் குறிப்புகள், கேள்விச் சோதனைத் தாள், பள்ளி ஆசிரியரின் கடிதம் ஆகியவையே. தகரப் பெட்டியிலும் அரிசிப் பானைக்குப் பின்னாலும் கிடப்பவற்றை எடுத்து, தேதி வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் படி எடுத்துக்கொண்டு, மூலத்தை ஒருபோதும் கைவிடாதீர்கள். அதனோடு ஒரு குறிப்பேடும் வேண்டும். 'என் மகளால் நடக்க முடியாது' என்று எழுதுவதைவிட, 'வீட்டு வாசலிலிருந்து தெருக்குழாய் வரை நடக்க இருமுறை உட்கார வேண்டியிருக்கிறது. இரவில் கழிப்பிடம் செல்ல என் கை வேண்டும். சோற்றைத் தானே பிசைந்து உண்ண இயலாது' என்று இரண்டு வார நிகழ்ச்சிகளை எழுதினால், அதிகாரியின் கண்முன் ஒரு வாழ்க்கை நிற்கும். நல்ல நாளை மட்டும் எழுதாதீர்கள். கெட்ட நாளை மட்டும் எழுதுவதும் முறையன்று. மருத்துவரின் முன் நம் பெண்மக்கள் வெட்கத்தால் மறைக்கும் குறைகளும் உண்டு. 'எல்லாம் நல்லா செய்வானுங்க' என்று மகனை உயர்த்திப் பேசும் தாயன்பும் உண்டு. ஆனால் அந்த நாற்காலியின் முன் உள்ளதை உள்ளபடி சொல்லுவதே அன்பு.

மனு சுருக்கமாக இருக்கட்டும். எந்த நாளில் யார் வழங்கிய முடிவு, அது ஏன் சரியன்று, எந்தச் சான்று புதிதாகத் தரப்படுகிறது, என்ன வேண்டுகிறோம் என்ற நான்கும் ஒரு பக்கத்தில் அடங்கும். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். அஞ்சலில் அனுப்பினால் பதிவுடன் கூடிய விரைவஞ்சலில் அனுப்புங்கள். தள்ளிய காரணம் தெரியவில்லையாயின், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் உங்கள் கோப்பின் படியைக் கேட்கலாம். 30 நாளுக்குள் விடை தர வேண்டும். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு அளிக்கலாம். ஆனால் அது சட்டப்படியான மேல்முறையீட்டுக்கு மாற்றாகாது, இரண்டையும் செய்க. அங்கும் பயனில்லையெனில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் எழுதலாம். வழக்கறிஞர் தேவைப்பட்டால் அஞ்ச வேண்டா. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, மாற்றுத்திறனாளி ஒருவர் தம் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடினால் போதும். 'ஐயாயிரம் கொடுங்க, நான் முடிச்சுத் தர்றேன்' என்னும் தரகரை மட்டும் வாசலிலேயே வணங்கி அனுப்பிவிடுங்கள்.

ஆலைத் தொழிலாளர் நிறைந்த நம் பகுதிக்கு இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். தமிழகத்தில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் முதன்முதலில் தொடங்கப்பட்டது நம் கோவையில்தான். 1955 ஜனவரி 23-ஆம் நாள் அது. வேலையில் விரலையோ கையையோ இழந்தவரின் சம்பாதிக்கும் திறன் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று மருத்துவக் குழு முடிவு செய்கிறது. சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் முழுவதற்கும் 30, ஆட்காட்டி விரல் முழுவதற்கும் 14, நடுவிரல் முழுவதற்கும் 12 என்று வகுக்கப்பட்டுள்ளது. அக்குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ செல்ல 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. ஒன்றை மட்டும் அது எச்சரித்தது: மாதந்தோறும் பெற வேண்டியதை ஒரே மொத்தத் தொகையாக மாற்றி வாங்கிக்கொண்டவர் பின்னர் மேல்முறையீடு செய்ய முடியாது. அச்சட்டத்தின் இடத்தில் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துள்ளது. எந்தச் சட்டமாயினும், முடிவில் மனநிறைவு இல்லாதபோது மொத்தத் தொகைக்குக் கையெழுத்திடுமுன் பத்து முறை எண்ணிப் பாருங்கள். மகள் திருமணம் நெருங்குகிறது என்று அவசரப்பட்டு வாங்கிய தொகை, வாழ்நாள் உரிமைக்கு விலையாகிவிடலாம்.

வெறும் எண்ணைவிட வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்பதை நம் நாட்டு உச்ச நீதிமன்றம் பலமுறை வலியுறுத்தியிருக்கிறது. 1968-இல் ஒரு தச்சர், திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்யும்போது கீழே விழுந்து இடக்கையை இழந்தார். ஒரு கைதானே போயிற்று, முழு இழப்பு ஆகாது என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது. ஆதலால் அவருக்கு அது முழு இழப்பே என்ற முடிவை 1975 டிசம்பரில் நீதிமன்றம் நிலைநிறுத்தியது. நாசரேத்தின் தச்சுப் பட்டறையை வணங்கும் நமக்கு இத்தீர்ப்பின் நியாயம் எளிதில் விளங்கும். 2010-இல் மற்றொரு வழக்கிலும், இடக்கை இழப்பு ஓட்டுநருக்கும் தச்சருக்கும் ஏறக்குறைய முழு இழப்பாகலாம், எழுத்தருக்கு அவ்வாறு ஆகாது என்று அதே நீதிமன்றம் எடுத்துரைத்தது.

40 என்னும் எண்ணும் தாண்ட முடியாத மதிலன்று. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய இளைஞர் ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் தமக்காக எழுத ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். 40 விழுக்காடு இல்லை என்று மறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 11-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒதுக்கீடு போன்ற சில நலன்களுக்கே 40 தேவை. தக்க வசதி செய்து தரும் கடமை 40-க்குக் குறைந்தவர்க்கும் உண்டு என்பது அதன் சாரம். 2024 அக்டோபர் 15-இல், பேச்சுக் குறையுடைய மாணவர் ஒருவர் மருத்துவக் கல்வி கேட்ட வழக்கில், எண்ணை மட்டும் பார்த்து ஒருவரை விலக்கக் கூடாது. அவரால் அப்படிப்பைத் தொடர இயலுமா என்று மருத்துவக் குழு ஆராய்ந்து காரணத்தோடு எழுத வேண்டும் என்று கூறியது. இவர்கள் 'பெரியவர்கள் எழுதிவிட்டார்கள்' என்று வீட்டில் அமர்ந்திருந்தால், இவர்களுக்குப் பின் வரும் ஆயிரவர்க்கும் கதவு மூடியே இருந்திருக்கும்.

ஆயினும் குடும்பத்தினரே, இன்னொரு பக்கமும் உண்டு. நமக்குக் கிட்டாதது எல்லாம் அநீதி ஆகிவிடாது. எம் பங்கில் பார்வைக் குறையுடைய பெரியவர் ஒருவரும் முறையிட்டார், முடிவு மாறவில்லை. ஆனால் முதன்முறை சொல்லப்படாத காரணம் இம்முறை எழுத்தில் வந்தது: குறை கண்புரையால் வந்தது, அறுவையால் நீங்கக்கூடியது, ஆகவே நிரந்தரச் சான்று தர இயலாது என்பதே அது. அறுவை செய்துகொண்டார். இன்று திருப்பலியில் வாசக நூலைத் தாமே படித்துப் பின்தொடர்கிறார். அவர் தோற்றார் என்று நான் எண்ணவில்லை. காரணம் கேட்டார், காரணம் கிடைத்தது, அதனால் கண்ணும் கிடைத்தது.

இல்லாத குறையை உண்டென்று காட்டுவதோ, இருப்பதைப் பெருக்கிக் காட்டுவதோ பெரும் பாவம். அது அரசை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை. உண்மையாகவே தவழ்ந்து வருபவனின் தட்டிலிருந்து எடுப்பதாகும். பொய்ம்மையால் சலுகை பெறுவோர்க்கு ஈராண்டு வரை சிறை, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமே விதிக்கிறது. பொய்யர் சிலர் இருப்பதால்தான் மெய்யர் பலர் ஐயத்தோடு நோக்கப்படுகின்றனர் என்பதை மறவாதிருப்போம்.

இறுதியாக, பங்குச் சமூகத்துக்கு ஒரு வேண்டுகோள். முறையிடுவோர்க்குச் சட்ட அறிவு குறைவாக இருப்பதைவிடத் துணையின்மையே பெருங்குறை. காலில்லாதவரை இரண்டு பேருந்து மாற்றி அழைத்துச் செல்ல ஆள் வேண்டும். அலுவலகத்தில், 'ஐயா, இவருடைய மனு என்னவாயிற்று?' என்று பணிவோடும் உறுதியோடும் கேட்க ஒரு நா வேண்டும். புனித வின்சென்ட் தே பவுல் சபையினரே, நீங்கள் அரிசியோடு ஒரு நாளையும் கொடுங்கள். கல்லூரியில் பயிலும் இளையோரே, ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் பங்கு மன்றத்தில் அமர்ந்து, மனு எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுங்கள். இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரியாதவர்க்கு விண்ணப்பித்துக் கொடுங்கள். அன்பியக் கூட்டங்களில், 'நம் தெருவில் சான்றிதழ் பெறாதவர் யார்? பெற்றும் புதுப்பிக்காதவர் யார்? மனு தள்ளப்பட்டு வாய்மூடி இருப்பவர் யார்?' என்று கேளுங்கள். தற்காலிகச் சான்றிதழின் காலம் முடிந்ததை அறியாமலே உதவித்தொகை நின்றுபோன வீடுகள் உண்டு.

அடுத்த ஞாயிறு கோவிலுக்கு வரும்போது, உங்கள் தெருவில் அத்தகைய ஒருவரின் பெயரை அறிந்து வாருங்கள். அவருடைய சான்றிதழையும் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள். முதலில் அதிலுள்ள தேதியைப் பார்ப்போம். பின்னர் அந்த எண்ணைப் பார்ப்போம்.